எனக்கு ஒரு இடம் தெரியும்

செய்தி வந்தபோது மணி பதினொன்று நாற்பது. எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தி சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத நேரம் கிடையாது. பன்னிரண்டு அடித்தால் ஊரே சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும். தபால்காரர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். பாதிரியார் பாவமன்னிப்பைச் சுருக்கிக்கொள்வார். சாவுகூட இரண்டு மணி வரை வெளியில் காத்திருக்கும் என்பது இங்கே பொதுவான நம்பிக்கை.

தொலைபேசியில் ஜினெத். என் நண்பன் ஆன்செல்ம் கைரோலுடைய அக்கா; இருவரும் ஒரே வீட்டில்தான். நாற்பது வருடப் பழக்கத்தில் எனக்கும் அக்காதான்.

"தம்பி, ஆன்செல்ம் போயிட்டான்" என்றார். "காலைல காபி எடுத்துட்டுப் போனேன். தூங்கற மாதிரியே இருந்தான்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

"வெள்ளிக்கிழமை அடக்கம். நாப்பது பேர் வருவாங்க. முடிஞ்சதும் எல்லாருக்கும் சாப்பாடு போடணும். அவன் இடத்துலதான் போடணும்னு முடிவு பண்ணிட்டேன். இருபத்திரண்டு வருஷமா செவ்வாய்க்கிழமை ஆனா எங்கதான் போய்ச் சாப்பிட்டான்னு நானும் ஒரு தடவை பாத்துடறேன். உனக்கு மட்டுந்தான் தெரியும். எங்க இருக்கு அது?"

 

"நானே போய்ப் பேசி ஏற்பாடு பண்ணிடறேன், அக்கா."

கவனித்தீர்களா? நண்பன் இறந்து ஒரு பகல்கூட ஆகவில்லை. உடன்பிறந்தவள் ஒரு விலாசம் கேட்கிறாள். நான் சொல்லவில்லை. கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள், வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு வாங்கியவன் எப்பேர்ப்பட்ட இனம் என்று தெரிந்தால்தான் என் இக்கட்டு உங்களுக்குப் புரியும்.

மனித குலத்தில் 'எனக்கு ஒரு இடம் தெரியும்' என்று ஒரு கிளை உண்டு. உலகமெங்கும் பரவியிருந்தாலும் பிரான்சின் கிராமப்புறத்து ஈரமண்ணில்தான் அது செழித்து வளர்கிறது. அடையாளம் காண்பது எளிது. நாலு பேர் கூடிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். (நாலு பேர் கூடினால் இங்கே வேறு எதைப் பற்றிப் பேசுவார்கள்?) ஒருவர் சந்தை மைதானத்து உணவகத்தின் வறுத்த உருளைக்கிழங்கைப் புகழ்வார், இன்னொருவர் ஆற்றங்கரை விடுதியின் மீனைப் புகழ்வார், மூன்றாமவர் மனைவியின் பிறந்தநாளுக்கு தரத்துக்கு நட்சத்திரப் பட்டம் வாங்கிய உணவகத்துக்குப் போன கதையை முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை ஒரு பருக்கை விடாமல் சொல்லி முடிப்பார். நம்மவர் அத்தனையையும் நோயாளியின் புலம்பலை மருத்துவர் கேட்பதுபோல் இரக்கத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், ஒயின் கோப்பையின் அடியைப் பார்த்தபடி, மெல்லச் சொல்வார்:

"எனக்கு ஒரு இடம் தெரியும்."

அவ்வளவுதான்.

"எங்க?" என்று கேட்பீர்கள். "அந்தப் பக்கம்" என்பார். அவர் கை காட்டும் திசையில் மூன்று மாவட்டங்களும் ஒரு மலைத்தொடரும் ஸ்பெயின் தேசமும் இருக்கும்.

ஆன்செல்ம் இந்தக் கிளையின் தலைப்பிள்ளை. மாவட்டச் சாலை அலுவலகத்தில் முப்பது வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த உணவகத்தையும் வாசலிலேயே எடை போட்டுவிடுவான். உணவுப் பட்டியலில் படம் இருந்தால் திரும்பிவிட வேண்டும். மூன்று மொழியில் அச்சடித்திருந்தால் ஓடிவிட வேண்டும். மேசையில் பூ வைத்திருந்தால் அந்தப் பூவும் நம் கணக்கில்தான் சாப்பிடுகிறது. கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தால் நுழையலாம். எழுத்துப் பிழை இருந்தால் தைரியமாக நுழையலாம். "பிழை பாத்துத் திருத்த நேரம் இருக்குன்னா, சமைக்கறவ அடுப்புகிட்ட நிக்கலைன்னு அர்த்தம்" என்பான்.

யாரையும் சுலபத்தில் தன் இடத்துக்கு அழைத்துப் போகமாட்டான். முதலில் பரீட்சை உண்டு. வீட்டுக்குக் கூப்பிட்டு, பாலாடைக்கட்டித் தட்டை நீட்டிவிட்டு, எங்கோ பார்ப்பதுபோல் கத்தியையே பார்ப்பான். முக்கோணத் துண்டை நீளவாக்கில் சீவி எடுத்தால் பிழைத்தீர்கள். நுனி மூக்கை வெட்டி எடுத்தால் தீர்ந்தது. ருசியெல்லாம் மூக்கில்தான் இருக்கிறது, அதை ஒருவரே தின்பது பங்காளியை ஏமாற்றுவதற்குச் சமம். அவனுடைய மேலதிகாரி ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அந்த மூக்கை வெட்டிவிட்டார். அதன்பின் பதினேழு வருடம் கெஞ்சினார். ஓய்வு பெறும் நாளில் கண்ணீரோடும் கேட்டார். "அந்தப் பக்கம்" என்றான் ஆன்செல்ம்.

சொந்த அக்காவை ஏன் அழைத்துப் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"ஜினெத்தையா? அவ சனிக்கிழமை சந்தைல வாயைத் திறந்தா, அடுத்த சனிக்கிழமை டூரிஸ்ட் பஸ் வந்து நிக்கும்யா."

அவன் அங்கே போக ஆரம்பித்த ஒன்பதாவது வருடத்தில் நான் தேறினேன். அந்த முதல் பயணம் இருக்கிறதே! நேர்ச்சாலையில் பதினான்கு கிலோமீட்டர். அவன் ஐம்பது நிமிடம் ஓட்டினான். ஒரே பன்றிப் பண்ணையை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தேன்.

"ஜன்னல் பக்கம் திரும்பாத. என்னைப் பாத்துப் பேசு."

"யோவ், நான் பூகோள வாத்தியார்யா."

"அதனாலதான் சொல்றேன்."

வண்டியை வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினான். இறங்கவிடவில்லை.

"சத்தியம் பண்ணு. யாருக்கும் சொல்லமாட்டேன்னு."

"எது மேல?"

"உன் ஈரல் மேல."

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைக்கு இதைவிடப் புனிதமானது எது? பண்ணினேன்.

உள்ளே எட்டு மேசை, ரெக்சின் விரிப்பு, அடுப்படியில் மதாம் யுகெத் ரிகால். அன்று சமைத்தது எதுவோ அதுதான் சாப்பாடு. மண்சட்டி நிறைய சூப்பைக் கொண்டுவந்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்; வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கீரையைப் பொடியாக அரிந்து மாவில் கலந்து தட்டிய வடை மாதிரி ஒன்று, இறைச்சி பொதிந்த முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி, முட்டைப் பணியாரம், குடுவை நிறைய ஊர் ஒயின். எல்லாம் சேர்த்து அறுபது பிராங்க். ஆன்செல்ம் சூப்பின் கடைசி இரண்டு வாயை மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, தட்டை இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பான். அப்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேவாலயத்தில்கூட அந்த முகம் அவனுக்கு வந்ததில்லை.

இந்த இனம் சாப்பிடும்போது சாப்பிடுவதைப் பற்றிப் பேசாது. முன்பு சாப்பிட்டதைப் பற்றித்தான் பேசும்.

"நல்லாருக்கு. ஆனா நீ போன வருஷம் வந்திருக்கணும்."

மறுவருடமும் அதையே சொன்னான்.

"போன வருஷம் வந்தேனே!"

"அது சரியான வருஷம் இல்ல. அதுக்கு முந்தி வந்திருக்கணும்."

அந்நியர் யாராவது உள்ளே நுழைந்துவிட்டால் அவன் படும் பாடு சொல்லி மாளாது. ஒருநாள் ஒரு டச்சுக்காரத் தம்பதி, நல்ல உயரம், நல்ல பசி, வாசலில் நின்று ஆன்செல்மைக் கேட்டார்கள்: "இங்க சாப்பாடு எப்படி?"

ஆன்செல்ம் வாயைத் துடைத்துக்கொண்டான். வயிற்றைத் தொட்டுக்கொண்டான். பெருமூச்சு விட்டான். "எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றான்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஓடினார்கள். அவன் எனக்குக் கண்ணடித்தான். நானும் சிரித்தேன். அடுப்படிக் கதவில் மதாம் யுகெத் இரண்டு தட்டுகளோடு நின்றதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

வருடங்கள் போகப் போக வாசலில் லாரிகள் குறைந்தன. நெடுஞ்சாலை வேறு பக்கமாகப் போய்விட்டது. சில செவ்வாய்க்கிழமைகளில் எட்டு மேசைக்கு நாங்கள் இருவர் மட்டும்தான். ஆன்செல்ம் சுற்றிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டுவான். "எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா? எவனுக்கும் தெரியல."

சரி. இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். செய்தி வந்த மறுநாள்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வரப் போனேன். தனியாக அந்தப் பாதையில் ஓட்டியது அதுதான் முதல்முறை. நேராகப் போயிருக்கலாம். பன்றிப் பண்ணையைச் சுற்றிக்கொண்டுதான் போனேன், பழக்கதோஷம். வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள். கொட்டகைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு கறுப்புக் கார் நின்றது.

உள்ளே, எங்கள் மேசையில், ஊர்ப் பத்திரப் பதிவாளர் மெத்ர் பூஸ்கே. கழுத்தில் துண்டு. இரண்டு கையிலும் சூப்புத் தட்டு. என்னைப் பார்த்ததும் அந்தத் தட்டு காற்றில் அப்படியே நின்றது.

"நீங்க... எப்படி இங்க?" என்றார்.

"நீங்க எப்படி?"

"நான் புதன்கிழமை புதன்கிழமை வருவேன். பதினைஞ்சு வருஷமா." குரலைத் தாழ்த்தினார். "யாருகிட்டயும் சொல்லலியே?"

நான் அடுப்படிக்குப் போய் மதாம் யுகெத்திடம் செய்தியைச் சொன்னேன். அவர் அடுப்பைக் குறைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தார். கை ஈரமாக இல்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்தார். பிறகு சுவரிலிருந்த மர அடுக்கைத் திறந்தார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பொந்து, அதில் அவரவர் வாய் துடைக்கும் மேசைத் துண்டு, துணி உறைக்குள். எங்கள் இரண்டு துண்டையும் அவர் உள்ளேயிருந்து எடுத்துவருவார் என்பது தெரியும். அடுக்கை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு பொந்துகள். பதினொன்றில் துண்டு இருந்தது.

"இது யாரோடது எல்லாம்?"

"திங்கள் சந்தை மைதான ஹோட்டல்காரர். அன்னைக்குத்தான் அவர் கடை லீவு. வியாழன் மாட்டு டாக்டர். வெள்ளி பாதிரியார், மருந்துக்கடைக்காரர், ரெண்டு பேரும் வேற வேற நேரம். ஒருத்தர் வண்டி போனப்புறம்தான் இன்னொருத்தர் வருவார்." அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். "எல்லாரும் எங்கிட்ட தனித்தனியா சத்தியம் வாங்கியிருக்காங்க முசியே. எல்லாரும் தாந்தான் என்னைக் கண்டுபிடிச்சதா நெனச்சுக்கிட்டிருக்காங்க. நான் என்ன, காட்டுல மழைக்கு மொளைச்ச காளானா? காளான் இருக்கற இடத்தை யாரும் சொல்லமாட்டாங்க, சரி. ஆனா காளான் கரண்ட் பில் கட்டறதில்லையே!"

"வியாபாரம்..."

"பதினோரு பேரோட ரகசியத்துல உலை கொதிக்காது. நவம்பர்ல வர்ற சகல புனிதர் திருநாளோட கடையை மூடிடறேன். பொண்ணு துலூஸுக்கு வந்துடுங்கறா. எட்டாவது மாடி. ஜன்னல்லேருந்து இன்னொரு ஜன்னல் தெரியுமாம்."

வெள்ளிக்கிழமை நாற்பது பேர் என்று சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நாப்பதா? நாப்பது பேர் இங்க கடைசியா உக்காந்தது என் கல்யாணத்துக்கு." பிறகு, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல்: "நாப்பதுல ஒரு பத்துப் பேர் திரும்பி வந்தாப் போதும். அந்தப் பத்துப் பேர் ஊர்ல போய்ச் சொன்னாப் போதும். நான் மூட வேண்டாம்."

"வருவாங்க" என்றேன்.

"பாருங்க, செத்தும் எனக்கு நல்லது பண்றார் முசியே கைரோல். அவர் மாதிரி ஆள் கிடையாது. மர ஆலை முக்குல என் கடைக்கு ஒரு வழிகாட்டிப் பலகை வைக்கணும்னு, வருஷா வருஷம் எனக்கு மனு எழுதிக் கொடுத்தது யாருங்கறீங்க? அவர்தான். கையோட அவரே எடுத்துட்டும் போவார். சாலை ஆபீஸ்லதான் அசைஞ்சு கொடுக்கல. 'அந்த நாற்காலில ஒருத்தன் கல்லு மாதிரி உக்காந்திருக்கான் மதாம், நான் என்ன பண்றது'ன்னு அவ்வளவு வருத்தப்படுவார்."

பலகைகளுக்கு அனுமதி தரும் நாற்காலி அந்த அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவன் ஆன்செல்ம் கைரோல்.

அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டினால் சிரிப்பான், 'அந்தப் பக்கம்' என்று கையைக் காட்டுவான். திட்ட ஆள் இல்லை. மதாம் யுகெத்திடம் உண்மையைச் சொன்னேனா? என் கையில் அப்போது ஒரு கரண்டி சூப்பைக் கொடுத்து உப்புப் பார்க்கச் சொல்லியிருந்தார். வாயில் சூப்பு இருந்ததால் பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஆன்செல்மின் துண்டை உறையிலிருந்து எடுத்தார். "போன செவ்வாய்க்கிழமைக் கறை இருக்கு. துவைக்கட்டுமா, இப்படியே கொடுத்துடட்டுமா?"

"இப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அவன் அக்கா கையில கொடுங்க."

கிளம்பும்போது மெத்ர் பூஸ்கே என் சட்டைக் கையைப் பிடித்தார். "நாப்பது பேர்னு காதுல விழுந்துச்சு. அடக்கத்துச் சாப்பாடு தானே? பெரிய ஊர்ல நல்ல ஹாலா பாத்து வைக்கலாமே. நான் வேணா ஏற்பாடு பண்றேன். இந்த இடம்..." சுற்றிலும் பார்த்தார். "இந்த இடம் கெட்டுப்போயிடும்யா."

அவரை அருவருப்போடு பார்த்தேன். பார்த்துக்கொண்டே, அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவும் எண்ணினேன்.

மாலையில் ஜினெத் அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாம் பேசியாயிற்று, முட்டைக்கோஸுக்குச் சொல்லியாயிற்று என்றேன்.

"எங்கன்னு சொல்லவே மாட்டேங்கற."

"நான் வண்டில முன்னாடி போறேன். எல்லாரும் எம் பின்னாலயே வந்துடுங்க, அக்கா."

சொன்னபோதே எந்த வழியாக அழைத்துப் போவது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. நாற்பது பேரையும், கறுப்பு உடையோடு, பன்றிப் பண்ணையைச் சுற்றி!

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நாப்பது பேர்ல பாதி கண்ணு தெரியாத கிழங்க. உம் பின்னால ஓட்டி எவன் குட்டைல விழறது? ஒழுங்கா ஒரு படம் போட்டுக் கொடு. மேயர் ஆபீஸ்ல நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொடுத்தா நாப்பது பிரதி எடுத்துத் தர்றாங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமைன்னா எனக்கு மட்டும் ஒரு முட்டையை வேக வெச்சு சாப்பிடுவேன் தம்பி. அங்க ஒரு பொம்பளை இருந்திருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேன். ஒரு முட்டைக்கோஸுக்காக என்னை விட்டுட்டுப் போனான் பாரு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

நீங்களும் சிரிப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று தலையாட்டுவீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலோ, மில் கேட்டுக்கு எதிரிலோ, பலகை இல்லாத ஒரு கடை இருக்குமே? ஒன்றரை மணிக்கு எல்லாம் தீர்ந்துவிடும், குழம்பை மட்டும் கேட்டுக் கேட்டு ஊற்றுவார்கள். அதைப் பற்றி அலுவலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு பேசியிருப்பீர்கள். தெருப் பெயரைச் சொன்னீர்களா? 'தெரிஞ்சா கூட்டம் சேந்துடும், ருசி போயிடும்' என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டீர்கள்தானே? போன மாதம் அங்கே காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்து, நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தீர்கள்தானே? ஈரலைத் தொட்டுச் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் வாசித்தீர்களே, மதாம் யுகெத்தின் ஊர் எது என்று நான் சொல்லவில்லை என்பது எப்போது உறைத்தது? உறைத்தபோது என்மேல் கோபம் வந்ததா, அல்லது நானாக இருந்தாலும் சொல்லமாட்டேன் என்று தோன்றியதா?

இன்று வியாழக்கிழமை. மேயர் அலுவலகம் பன்னிரண்டுக்கு மூடிவிடும். படத்தில் தேவாலயம் வந்துவிட்டது, கல்லறைத் தோட்டம், சந்தை மைதானம், ஆறு எல்லாம் அளவோடு வந்துவிட்டன. மர ஆலை வரை வரைந்திருக்கிறேன். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது.